2⁶⁴ − 1 என்ற 20 இலக்க எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

18446744073709551615. நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. தோராயமாக 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டமும் வைத்தால் மொத்தம் எத்தனை என்ற பழைய கதையின் விடை இதுதான். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதே எண் வேறு விதத்தில் பழக்கம்: குறியில்லாத 64 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு. இரும எண்ணில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை.

இந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் பகாக் காரணிகள் எவை, வகுத்திகள் எத்தனை, எத்தனை வர்க்கங்களின் கூடுதல், முக்கோண எண்ணா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும், தெரியும். லினக்ஸ் டெர்மினலில் ஃபாக்டர் என்ற கட்டளையோடு இந்த எண்ணைத் தட்டினால் ஏழு பகா எண்கள் வரிசையாக வந்து விழும். ஆனால் அந்த ஏழும் ஏன் அந்த ஏழு என்பதை அது சொல்லாது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பெரிய எண் கையில் கிடைத்ததும் வகுக்க ஆரம்பிக்காதீர்கள், அது எப்படி உருவான எண் என்று முதலில் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் 20 கோடிக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் வெறும் ஆறாகச் சுருங்குவதை இந்த எண்ணிலேயே காட்டுகிறேன்.

தேவையானவை: ஒரு தாள், பேனா, பத்தாம் வகுப்புக் கணக்கு. மீதி, பகா எண், அடுக்கு இவை தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணை எக்செலில் தட்டினால் 15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் சுழியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் 18446744073709552000 என்று திரும்பி வரும். பல செல்போன் கால்குலேட்டர்களும் இப்படித்தான், 1.8446744 × 10¹⁹ என்று காட்டிவிட்டுக் கடைசி இலக்கங்களை விட்டுவிடும். எண் கோட்பாட்டில் கடைசி இலக்கம் போனால் எல்லாமே போச்சு. எந்தக் கருவியிலும் ஒற்றைப்படையாக உள்ளே போன எண் இரட்டைப்படையாக வெளியே வந்தால் அந்தக் கருவியை மூடி வையுங்கள். பைத்தான் முழு எண்களை எவ்வளவு பெரிதானாலும் துல்லியமாக வைத்துக்கொள்ளும், சரிபார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

படி 1: இலக்கங்களைப் பாருங்கள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுழலும். 64 என்பது 4-இன் மடங்கு, ஆகவே 2⁶⁴ ஆறில் முடியும், ஒன்றைக் கழித்தால் 5. ஆக, எண் ஒற்றைப்படை, 5-ஆல் வகுபடும்.

இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87. அதை மறுபடி கூட்டினால் 15. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 11-க்கு வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் 37 வரும், 11-ஆல் வகுத்த மீதி 4, எனவே வகுபடாது.

7-க்கு இலக்கங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2³ = 8, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 2⁶³-க்கும் மீதி 1, 2⁶⁴-க்கு மீதி 2, ஒன்று கழித்தால் 1. வகுபடாது, முடிந்தது. இலக்கங்களைத் தொடவே இல்லை, எண்ணின் வடிவத்தை மட்டும் வைத்து விடை வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இனிமேல் எல்லாம் இப்படித்தான்.

படி 2: முற்றொருமையால் உடையுங்கள்

பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) இருக்கிறதே, அதுதான் இங்கே கோடாலி. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலப்பக்கத்தில் உள்ள 2³² − 1 மறுபடி அதே வடிவம். அதையும் உடைக்கலாம், அதில் கிடைப்பதையும் உடைக்கலாம். கடைசியில்

2⁶⁴ − 1 = (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

அதாவது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இருபது இலக்கப் பூதம் ஆறு துண்டாகிவிட்டது, இன்னும் ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. இந்த ஆறும் ஃபெர்மா எண்கள் எனப்படும் குடும்பத்தின் முதல் ஆறு உறுப்பினர்கள். 2-இன் அடுக்கில் இருப்பதும் 2-இன் அடுக்காக (1, 2, 4, 8, 16, 32...) இருந்து, அதோடு 1 கூட்டினால் அது ஃபெர்மா எண்.

படி 3: துண்டுகளுக்குள் உறவு இருக்கிறதா?

ஒரே பகா எண் இரண்டு துண்டில் இருந்தால் பின்னால் கணக்கெல்லாம் மாறும். இங்கே அந்தக் கவலை இல்லை, காரணம் ரொம்ப அழகானது. படி 2-ஐ 2³² − 1 வரை மட்டும் நிறுத்திப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 2³² − 1. அது 2³² + 1-ஐ விட சரியாக 2 குறைவு. ஒரு பகா எண் 2³² + 1-ஐயும், அதற்கு முந்தைய துண்டுகளில் ஒன்றையும் சேர்த்து வகுத்தால், அது 2³² − 1-ஐயும் வகுக்கும்; ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2-ஐயும் வகுத்தாக வேண்டும். ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒற்றைப்படை. ஆக, அப்படி ஒரு பகா எண் இருக்க முடியாது. மற்ற ஜோடிகளுக்கும் இதே வாதம்தான். எல்லாம் ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள்.

படி 4: எந்தப் பகா எண்ணுக்கு உள்ளே வர அனுமதி?

இந்த வழிகாட்டியில் நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஒருமுறை புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ப-ஆல் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (அதாவது ப − 1). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதி முதன்முதலில் 1 ஆகிற அடுக்கு எது? அது 64-ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32 ஆகவோ அதற்குக் கீழேயோ இருக்க முடியாது, ஏனென்றால் 32-இல் மீதி −1 என்று பார்த்துவிட்டோம். ஆகவே அது சரியாக 64.

இப்போது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு வருவோம்: 2-ஐ (ப − 1) அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 1 வருகிற அடுக்குகள் எல்லாம் 64-இன் மடங்குகள் மட்டுமே. எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. ப = 64க + 1 (க ஏதாவது ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்க முடியும், வேறு வழியே இல்லை.

1878-இல் எத்வார் லூக்கா இன்னொரு படி மேலே போனார். ப − 1 என்பது 8-இன் மடங்காக இருந்தால், ப-ஆல் வகுத்து மீதி 2 தரக்கூடிய ஒரு வர்க்கம் கண்டிப்பாக இருக்கும். அந்த வர்க்கத்தின் மூலத்தை எடுத்துக்கொண்டால் அதன் சுழற்சி, அதாவது அதன் அடுக்குகளில் மீதி முதன்முதலில் 1 ஆகிற அடுக்கு, 64-க்கு இரட்டிப்பு, 128. ஆகவே ப − 1 என்பது 128-இன் மடங்கு. ஐந்தாம் துண்டான 65537-க்கு இதே விதி 64-இன் மடங்கு என்று வரும், 257-க்கு 32-இன் மடங்கு.

படி 5: சின்னத் துண்டுகள் பகா எண்களா?

3, 5, 17 பற்றிப் பேச ஒன்றும் இல்லை. 257-இன் வர்க்கமூலம் 16-க்குச் சற்று மேல். அதன் காரணி 32க + 1 வடிவில் இருக்க வேண்டும், அதாவது குறைந்தது 33. 16-க்குள் எதுவும் இல்லாததால் 257 பகா எண், வகுக்கவே வேண்டாம்.

65537-இன் வர்க்கமூலம் 256-க்குச் சற்று மேல். 64க + 1 வடிவில் அதற்குள் இருப்பவை 65, 129, 193. இதில் 65-உம் 129-உம் பகு எண்கள். மிஞ்சுவது 193 மட்டும். 193 × 339 = 65427, மீதி 110. வகுபடவில்லை. 65537 பகா எண். ஒரே ஒரு வகுத்தல்.

படி 6: 4294967297, இங்கேதான் கதை

1640 வாக்கில் ஃபெர்மா தன் கடிதங்களில், இந்த வடிவிலுள்ள எல்லா எண்களும் பகா எண்கள் என்று தான் நம்புவதாக எழுதினார். முதல் ஐந்தும் அப்படித்தான் இருக்கின்றன, நம்பியதில் ஆச்சரியம் இல்லை. 1729-இல் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார்.

நாமும் உடைப்போம். 128க + 1 வடிவில் வரிசையாக எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. 129, 385, 513 பகு எண்கள், தள்ளிவிடலாம். 257 பகா எண்தான், ஆனால் அது ஏற்கெனவே நான்காவது துண்டு, படி 3-இன்படி அது இங்கே வர முடியாது. ஆக நாம் வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

4294967297-ஐ 641-ஆல் வகுங்கள். 641 × 67 = 42947, முதல் ஐந்து இலக்கமான 42949-இல் மீதி 2. அடுத்த இலக்கம் 6-ஐ இறக்கினால் 26, பூஜ்யம். 7-ஐ இறக்கினால் 267, பூஜ்யம். 2-ஐ இறக்கினால் 2672, நான்கு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089, ஒருமுறை, மீதி 448. கடைசி 7-ஐ இறக்கினால் 4487. 641 × 7 = 4487. மீதி சுழி.

4294967297 = 641 × 6700417. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக யாரும் கலைக்காத நம்பிக்கை, சரியான இடத்தில் தேடியதால் முதல் வகுத்தலிலேயே உடைகிறது. எனக்கு எண் கோட்பாட்டிலேயே மிகவும் பிடித்த தருணம் இது.

வகுக்காமலும் இதை நிரூபிக்கலாம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴ (625 + 16). முதலாவதிலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1-இன் மீதி சுழி. மூன்றே வரி, அதில் எந்தப் பெரிய எண்ணும் இல்லை.

படி 7: 6700417-ஐ நம்பலாமா?

உடைந்த துண்டு மேலும் உடையுமா என்று பார்க்காமல் விடுவது நிறையப் பேர் செய்கிற தவறு. 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதுவரை எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் 6700417-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும் 2³² + 1-ஐயும் வகுக்கும், அதனால் அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். 2588-க்குள் அந்த வடிவில் 20 எண்கள் இருக்கின்றன. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டும். 257 வர முடியாது என்று முன்பே தெரியும். மற்ற நான்கையும் போட்டுப் பாருங்கள்: 641-ஆல் வகுத்த மீதி 44, 769-ஆல் 120, 1153-ஆல் 334, 1409-ஆல் 622. எதிலும் சுழி வரவில்லை. 6700417 பகா எண்.

ஆக முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

எத்தனை வகுத்தல் செய்தோம்? 65537-க்கு ஒன்று, 641-ஐக் கண்டுபிடிக்க ஒன்று, இங்கே நான்கு. மொத்தம் ஆறு. வடிவத்தைப் பார்க்காமல், இந்த அளவுள்ள எண்ணை அதன் வர்க்கமூலம் வரை பகா எண்களாகப் போட்டுச் சோதிக்கப் போனால், 429 கோடி வரை உள்ள பகா எண்கள் 20 கோடிக்கும் மேல்.

சின்னக் கிளைப்பாதை: இரண்டு வர்க்கங்கள்

4294967297 உடையும் என்பதை ஆய்லரே காட்டிய இன்னொரு வழியிலும் பார்க்கலாம். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 4294967297 = 65536² + 1² என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் அதே எண் 62264² + 20449² ஆகவும் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 3876805696 + 418161601 = 4294967297. இரண்டு விதம் வந்துவிட்டதால் அது பகா எண் இல்லை.

இந்த இரண்டாவது ஜோடி எங்கிருந்து வந்தது? 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இரண்டையும் பெருக்கும்போது 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. இன்னொரு பக்கம் 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்றில் வித்தியாசப்படுகின்றன, அந்த ஒன்றுதான் 2³² + 1-இல் இருக்கும் +1. இதைத் தாளில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், படிப்பதைவிடப் போட்டுப் பார்ப்பதில்தான் இது மனதில் நிற்கும்.

படி 8: வகுத்திகளை எண்ணுங்கள், கூட்டுங்கள்

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும். ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆக 2⁷ = 128 வகுத்திகள். எதுவும் இரண்டு முறை வராததால் 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. இப்படிப்பட்ட எண்ணில் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் +1, ஒற்றைப்படையானால் −1 தருவது மோபியஸ் சார்பு; ஏழு ஒற்றைப்படை என்பதால் இங்கே அதன் மதிப்பு −1.

நட்ட நடுவில் இருக்கும் வகுத்தி ஜோடி 4294967295-உம் 4294967297-உம். இரண்டுக்கும் இடையில் 4294967296 மட்டும்தான் இருக்கிறது, அது இரட்டைப்படை, ஆகவே வகுத்தியாக முடியாது. தன் வர்க்கமூலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இரு புறமும் வகுத்தி உள்ள பெரிய எண்கள் குறைவு.

வகுத்திகளின் கூடுதல் வேண்டுமென்றால் ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. அதை மூல எண்ணால் வகுத்தால் சுமார் 1.7034 வரும். 2 வந்தால் நிறைவெண், அதற்குக் குறைந்தால் குறைவெண். நம் எண் குறைவெண். 3, 5, 17 மூன்று மட்டுமே 1.694 வரை கொண்டு வந்துவிடுகின்றன, மற்ற நான்கும் சேர்ந்து ஒரு சதவீதம்கூடக் கூட்டவில்லை. இது எங்கும் பொருந்தும்: வகுத்திகளின் கூடுதலை ஏற்றுபவை சின்னப் பகா எண்கள்.

படி 9: ஆய்லரின் ஃபை சார்பு

1-இலிருந்து அந்த எண் வரை, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணிலும் 1 கழித்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. விடை 9208981628670443520. மூல எண்ணில் 49.92 சதவீதம்.

ஏன் ஏறக்குறைய சரிபாதி? சின்ன எண்களிலிருந்து வாருங்கள். 3-க்கு ஃபை 2. 15-க்கு 8. 255-க்கு 128. 65535-க்கு 32768. 4294967295-க்கு 2147483648. ஒவ்வொரு முறையும் எண்ணோடு 1 கூட்டிப் பாதியாக்கினால் வருவது, அதாவது சுத்தமான 2-இன் அடுக்கு. 2³² + 1 பகா எண்ணாக இருந்திருந்தால் நம் எண்ணுக்கும் ஃபை 2⁶³ ஆகியிருக்கும். 641 புகுந்ததால் இந்தச் சங்கிலி இங்கே அறுந்தது.

இந்த அறுந்த இடத்துக்கு வடிவியலில் ஒரு பொருள் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒரு ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடிய வேண்டுமானால் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஃபை 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். 1796-இல் 19 வயதுகூட நிரம்பாத காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார்; முடியாதவை எவை என்பதை 1837-இல் வான்ட்செல் நிரூபித்தார். 4294967295 பக்கமுள்ள பலகோணத்தைக் கொள்கை அளவில் வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்களில் நமக்குத் தெரிந்து அதுதான் மிகப் பெரியது. 18446744073709551615 பக்கத்தை வரைய முடியாது.

படி 10: வர்க்கங்கள், முக்கோணங்கள்

எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். மூன்றை எடுத்து எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. நம் எண்ணோ 8-இன் மடங்குக்கு ஒன்று குறைவு, மீதி 7. எனவே இரண்டு வர்க்கங்களாகவும் முடியாது, மூன்றாகவும் முடியாது. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்ச் 1770-இல் நிரூபித்ததால் இதற்கும் நான்கு போதும், நான்குக்குக் குறைந்து நடக்காது.

முக்கோண எண்ணா (1, 3, 6, 10, 15...) என்று பார்க்க, எட்டால் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். 8 × (2⁶⁴ − 1) + 1 = 2⁶⁷ − 7. இந்த வடிவத்தைப் பார்த்ததும் நமக்கு ராமானுஜன் நினைவுக்கு வர வேண்டும். 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் கேட்ட கேள்வி இதைப் பற்றியதே: 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது முழு வர்க்கம் வருகிறது, வேறு உண்டா? நார்வேக்காரரான நாகெல் 1948-இல் வேறு இல்லை என்று நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆக நம் எண் முக்கோண எண் இல்லை. 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் எண்களில் 1, 3, 15, 4095 முக்கோண எண்கள், 4095-க்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

ராமானுஜன் பெயர் வந்ததால் இன்னொன்றும். 1917-இல் ஹார்டியோடு சேர்ந்து அவர் நிரூபித்த தேற்றம், ஒரு எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருப்பது இயல்பு என்பதைச் சொல்கிறது: இயல் மடக்கை எடுத்து, அதற்கு மறுபடி இயல் மடக்கை எடுங்கள். நம் எண்ணுக்கு முதலில் 44.36, பிறகு சுமார் 3.8. இந்த அளவுள்ள எண்ணுக்கு நான்கை ஒட்டி இருப்பது வழக்கம், நமக்கோ ஏழு. முற்றொருமையால் உடைந்ததன் பலன் அது.

படி 11: பகா எண் சோதனையில் ஒரு குழி

பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்கப் பலர் செய்வது, 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்ற சோதனை. நம் 20 இலக்க எண்ணில் அது ஒழுங்காக வேலை செய்யும், பகு எண் என்று சொல்லிவிடும். ஆனால் 4294967297-இல் செய்யுங்கள். அடுக்கு 2³², அது 64-இன் மடங்கு, 2⁶⁴-க்கு மீதி 1 என்று படி 4-இலேயே பார்த்தோம். ஆகவே மீதி 1 வரும். பகு எண்ணாக இருந்தும் தேறிவிடுகிறது! எல்லா ஃபெர்மா எண்களும் இந்தச் சோதனையில் தேறும், அதனால் 2-ஐ வைத்துச் சோதிப்பது இங்கே வீண்.

ஃபெர்மா எண்களுக்கென்றே (3 நீங்கலாக) பெபேன் 1877-இல் கொடுத்த வழி இதைச் சரிசெய்கிறது. 2-க்குப் பதில் 3. அடுக்கு (எண் − 1)-இன் பாதி. மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் கண்டிப்பாகப் பகு எண். 17-இல் பாருங்கள்: 3⁸ = 6561, 17 × 386 = 6562, மீதி −1. பகா எண். 4294967297-க்கு 3-இல் தொடங்கி 31 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுக்க வேண்டும், பைத்தானில் ஒரு வரி வேலை. −1 வராது.

உங்கள் கையில் வேறு எண் இருந்தால்

அது ஒரு அடுக்கோடு ஒன்றைக் கூட்டியோ கழித்தோ வந்ததா என்று முதலில் பாருங்கள். அப்படி வந்ததானால் படி 2-உம் 4-உம் அப்படியே உதவும். எந்த வடிவமும் இல்லாத எண் என்றால் சில ஆயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துத் தள்ளுங்கள், மிஞ்சியதை ஒரு நல்ல பகா எண் சோதனையில் போடுங்கள், பகு எண் என்று வந்தால் 1975-இல் பொல்லார்டு கொடுத்த, காரணி தேடும் ரோ முறைக்குப் போங்கள். 20 இலக்கத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இதே எண்ணிலிருந்து அடுத்த படி ஏற விரும்புகிறவர்கள் 2¹²⁸ − 1-ஐ எடுங்கள். மேலே கண்ட ஏழு பகா எண்களும் அப்படியே அதில் இருக்கும், புதிதாகச் சேர்வது 2⁶⁴ + 1 மட்டும். அதன் காரணிகள் 256க + 1 வடிவில் இருக்க வேண்டும். க = 1071 வரை பொறுமையாகப் போனால் 274177 கிடைக்கும், மற்றது 67280421310721. லாந்த்ரி என்பவர் 1880-இல், 82 வயதில், இதைக் கண்டுபிடித்தார். அதற்கடுத்த 2¹²⁸ + 1 உடைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி வைத்துச் செய்தார்கள். இன்னும் மேலே போனால் 2¹⁰⁴⁸⁵⁷⁶ + 1 இருக்கிறது. பெபேன் சோதனையால் அது பகு எண் என்று 1980-களிலேயே நிரூபித்துவிட்டார்கள், ஆனால் அதை வகுக்கும் ஒரு பகா எண்ணைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அதன் காரணி எதுவானாலும் 4194304க + 1 வடிவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.